ஹார்ட் என்றிருந்ததை மாற்றச் சொன்னவன்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கல்குடாவில் ஒரு ஃபோட்டோ ஸ்டூடியோ, வவுணதீவில் இன்னொன்று, இரண்டின் படங்களும் போய்ச் சேர டவுனில் ஒரு சேர்வர், எல்லாம் நான் கட்டினவை.

இன்டர்நெட் லைன் அறுந்தால் சேர்வர் திரும்பி வரும்வரை கொம்பியூட்டர் அசையாமல் காத்து நிற்கும். எனக்குப் பொறுக்கவில்லை. கொம்பியூட்டரைச் சேர்வரோடு இணைக்கிற மவுண்ட் வரியில், காத்து நிற்கச் சொல்லும் 'ஹார்ட்' என்றிருந்ததை, காத்து நிற்காத 'சொஃப்ட்' ஆக்கும்படி கடைக் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் சொன்னேன்.

"மாமா, அப்பிடிப் போட்டா படம் பாதியில நிண்டுரும். முழுசாச் சேர்ந்த மாதிரித்தான் தெரியும்."

"கடையைக் கட்டினது நீயா, நானா?"

மாற்றினாள். மழையில் லைன் அறுந்த நாளில் ஒரு கல்யாணத்தின் தாலிகட்டுப் படங்கள் பாதிபாதியாய்ச் சேர்ந்தன. அது தெரியாமல் கமராவின் மெமரி காட்டில் இருந்ததை அழித்துவிட்டோம். பெண்வீட்டார் அவளை ஏசினார்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

கடைகளைக் கட்டியவன் என்று என்னைச் சொல்கிறவர்கள், அந்த 'ஹார்ட்' என்ற சொல்லை மாற்ற வைத்தவனும் நான்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.