திருநீற்றுப் பேணித் தாடிக்காரர்

வாடிக்கையாளர் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். கேட்ட கேள்விக்கே பதில் சொல்ல வேண்டும். அப்பா வேலை செய்த இனிப்புத் தொழிற்சாலையைத் தொடங்கிய வெள்ளைக்காரர், நூறு வருடத்துக்கு முன்னமே இப்படியொரு விதியை எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கவுன்சிலில் சனங்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: விதியின் முதற்பாதியை எவரும் மீறுவார்கள். இரண்டாம் பாதியை மீறத்தான் கெட்டித்தனம் வேண்டும்.

அப்போது நாங்கள் வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா சீனிப்பாகு காய்ச்சினார். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வேலையாட்களுக்குத் தகரப் பேணியில் இனிப்பு கொடுத்தார்கள். மூடியின் உட்புறத்தில் அந்த விதி. மேலே அதை எழுதியவரின் படம், நெஞ்சுவரை தாடி, பாதி மூடிய கண். பேணி இறுக்கமாக மூடியதால் அம்மா அதில் திருநீறு போட்டு, சாமிப்படங்கள் இருந்த சாமித்தட்டில் வைத்தார். விரலில் மிஞ்சியதை எல்லாரும் மூடியில் துடைத்ததில் தாடிக்காரரின் நெற்றியும் வெளுத்துவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், "இவர் எந்த ஆச்சிரமத்துச் சுவாமி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கும்பிட்டும் விட்டார்.

அப்பா அவருடைய சரித்திரத்தை நாயன்மார் கதைபோலச் சொல்வார். தகப்பனில்லாப் பிள்ளை. ஒரே ஒரு செப்புச் சட்டி. காய்ச்சியதைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். மற்றவர்கள் இனிப்பில் சுண்ணாம்புத் தூளும் ஈயச் சாயமும் கலந்த காலத்தில், இவர் இனிப்புக் காய்ச்சும் குசினிக் கதவைத் திறந்து வைத்து, சந்தேகமென்றால் வந்து பாருங்கள் என்றாராம். ஐம்பது வயதில் புகைபோக்கியும் குதிரை வண்டிகளும் வந்துவிட்டன.

அம்மா இதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"ஒரு சட்டியோட தொடங்கினவன் குதிரை வாங்கினவனாம். ஆரின்ர சொத்தைச் சுருட்டினவனோ!"

"உழைச்சவரப்பா."

"நீங்களுந்தான் உழைக்கிறியள். குதிரையைக் காணேல்லை."

ஒரு ஞாயிறு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, இரசாயனப் பரீட்சையில் இரண்டுமுறை கோட்டை விட்டவர். அப்பா கொண்டுவந்த சிவப்பு இனிப்பொன்றை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, இது இழுபடுறது சீனியால இல்லை. ஜெலட்டின். மாட்டெலும்பு காய்ச்சி எடுக்கிற பசை. அத்தானைக் கேளுங்கோ."

அம்மா வாயிலிருந்ததைத் துப்பினார். "உண்மையோ, இஞ்சாருங்கோ?"

"எனக்குச் சீனிச் சட்டி மட்டும்தான் தெரியும்" என்றார் அப்பா. "மற்றது வேற கட்டிடம்."

அம்மாவின் தீர்ப்பு அங்கேயே வந்தது. எலும்பென்றால் தாடிக்காரர் குப்பைக்குப் போக வேண்டும், அப்பா வேலையை விட வேண்டும். "எலும்பு கிண்டின கையோட இந்த வீட்டுக்குள்ள வரேலாது." வேறு வேலை தேடி அப்பா ஏறாத படி அந்தப் பக்கத்தில் மிச்சமில்லை. வாடகையும் அந்தச் சட்டியிலிருந்துதான் வந்தது.

வீட்டில் ஆங்கிலம் எழுதுவது என் பொறுப்பு. உங்கள் இனிப்பில் எலும்பு சேர்கிறதா என்ற ஒரே கேள்வியை எழுதி, விதியையும் மேற்கோள் காட்டினேன். அந்தப் பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது. தானே கொண்டுபோய்ப் போடுவதாக அப்பா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். "வேண்டாம். பிள்ளை போடட்டும்." கடிதம் தபால் பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

ஏழு நாள் போனது. குளிர்காலத்தில் பெரும்பகுதியும் போனது. பேணி சாமித்தட்டிலிருந்து இறக்கப்பட்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதிபோல ஜன்னலோரம் விளக்கமறியலில் வைக்கப்பட்டது. திருநீறு தயிர்க் கோப்பைக்கு மாறியது. அப்பா வேலையால் வந்ததும் அம்மா அவருடைய சட்டையை மணந்து பார்ப்பார். சீனி மணந்தது. அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடைசியில் பதில் வந்தது. மூன்று பக்கம். செப்புச் சட்டி, திறந்த குசினி, குதிரைகள் எல்லாம் இருந்தன. நிறுவனர் காலம் தொட்டு எங்கள் இனிப்புகள் தூய்மையானவை என்று முடிந்தது. எலும்பு இருந்த தெருப்பக்கம்கூட அது போகவில்லை. நான் வாய் திறக்குமுன் அப்பா கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"சுத்தமாம்."

"சுத்தமெண்டு எழுதிக் கிடக்கோ?"

"ஓம். துவங்கின நாளில இருந்தே."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரருக்குச் சுத்தம் என்றால் சுண்ணாம்பு இல்லை. எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் மச்சம் மாமிசம் இல்லை.

அம்மா பேணியை ஈரத்துணியால் துடைத்துச் சாமித்தட்டில் ஏற்றினார். இம்முறை தாடிக்காரரின் நெற்றியில் தானே மூன்று விரலால் பூசினார். "அப்ப இண்டைக்கு நீங்களே சாமிக்குப் பூவை வையுங்கோ."

அப்பா கதவடியில் நின்று உள்ளங்கையைப் பார்த்தார். "பாகு தெறிச்ச கை. காந்துது. நீயே வை."

அந்த வேலைக்குப் போன முதல் வாரத்திலிருந்து அப்பா சாமிப்படத்தைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் காந்துகிறதென்று அவர் சொல்லும் அந்தக் கையில் நான் ஒரு கொப்புளத்தையும் கண்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது தெரியவில்லை. இவ்வளவு நல்ல பதில் வந்த பிறகும் இவர் ஏன் கதவடியிலேயே நிற்கிறார் என்றுதான் யோசித்தேன், அதுவும் இப்படியொரு நாளில். பதில் வந்த அன்று சிவராத்திரி.