இரவல் பெயர்

மாடத்தி பாடுபட்டு ஜெயித்தவை நான்கு. கணவன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமல் போன பிறகும், மகள் எழிலை வேலைக்கு ஆள் ஏற்றும் எந்தப் பட்டாசுக் கம்பெனி வேனிலும் ஏறவிடாமல் பதினோராம் வகுப்பு வரை கொண்டுவந்தாள். வெடிமருந்து அறையில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. மகளிர் குழுத் தலைவி பதவிக்குச் சொந்த நாத்தனாரே எதிர்த்து நின்றபோதும் மாடத்திதான் வந்தாள். நான்காவது, இலங்கைக்குக் கூட்டிப்போன மகளைத் தன் மகளாகவே திரும்பக் கூட்டிவந்தாள். இதைச் சொன்னால் ஊரில், அச்சங்குளத்தில், சிரிக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டாசுக் கம்பெனியில் அவள் பெயர் மாடத்தி இல்லை, செல்வலட்சுமி. அது அவளுடைய அக்காவின் பெயர். அக்கா கல்யாணமாகி விருதுநகருக்குப் போனபோது மாடத்திக்கு வேலைக்குச் சேரும் வயது வரவில்லை. "அக்கா பேரு அப்படியே கிடக்கட்டும், தங்கச்சி வந்து நிக்கட்டும்" என்று அப்போதைய கணக்குப்பிள்ளை வழி சொன்னார். அந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. பல ஷெட்டுகளில் ஆள் ஒருத்தி, பெயர் இன்னொருத்தி. போகப்போக அது நாக்கில் ஊறிவிட்டது. பேன்ட் சட்டை போட்டவர் யார் வந்து "பேரென்ன?" என்று கேட்டாலும், மாடத்தியின் வாய் தானாகவே "செல்வலட்சுமி" என்று சொல்லும்.

சாத்தூரில் மாலை வகுப்பு நடத்தும் முனியராஜ், தன் இளைஞர் குழுவை அந்த மே மாத விடுமுறையில் இலங்கைக்குக் கூட்டிப்போனார். முல்லைத்தீவுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் பாழாய்க் கிடந்த பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் சேவை. பிள்ளையோடு தாயோ தகப்பனோ வர வேண்டும் என்பது கட்டுப்பாடு. மதுரை விமான நிலையத்திலேயே அவர் கேலி செய்தார்.

"மதினி, பாஸ்போர்ட்ல மாடத்தி. உள்ள கேட்டா கம்பெனிப் பேரச் சொல்லி எங்களையும் மாட்டி விட்டுராதீக."

"நீங்க பேசாம வாங்க தம்பி. எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மாடத்தி. ஆனாலும் வரிசை நகர நகர, தன் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கிராமத்தில் வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. நடுவில் வெறும் அத்திவாரங்கள். பகலில்கூட நாய் குரைக்கவில்லை. முதல் நாள் அவர்கள் வண்டியை விட்டு இறங்கியபோது, பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். தவமலர் என்று பின்னால் தெரிந்தது. மற்றவர்களை அவள் பார்க்கவே இல்லை. எழிலிடம் மட்டும், கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல், "வந்திட்டியே பிள்ளை?" என்றாள்.

அவளுடைய மகள் நிரோஜா அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். யுத்தத்தின் கடைசி நாட்களில் கூட்டத்தில் கை விட்டுப்போய், இன்றுவரை தகவல் இல்லை. இருந்தால் முப்பது வயதாகியிருக்கும். தவமலருக்கு மட்டும் இன்னும் பதினைந்துதான்.

"என்னை நிரோஜான்னு கூப்பிடுதும்மா அது. என்ன செய்ய?" என்று எழில் கேட்டாள்.

மாடத்தி யோசிக்கவே இல்லை. "கூப்பிட்டா ஏன்னு கேட்டுட்டுப் போயேன்ட்டி. பேருதான? பிள்ளையப் பறிகொடுத்த மனுசி, சந்தோசப்பட்டுக்கிறட்டும்."

"அதுவும் சரிதான். ஒனக்கு ரெண்டு பேரு, எனக்கும் ரெண்டு." எழில் சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாளிலிருந்து தவமலர் சாப்பாடு கொண்டுவந்தாள். மீன் வாடைக்கே முகம் சுளிக்கும் எழில், புட்டும் மீன்குழம்பும் வழித்துச் சாப்பிட்டாள். அவள் இடது கையால் வெள்ளையடிப்பதைப் பார்த்து, "இன்னும் இடக்கைதான்" என்று தவமலர் சொல்லிக்கொண்டாள். எழிலுக்கு ஒதுக்கிய சுவரில் யாரோ எப்போதோ கரியால் ஒரு பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். எத்தனை தடவை அடித்தாலும் காயக்காய அது மேலே வந்தது. நிரோஜா. முனியராஜ் சுரண்டிவிட்டு அடித்தார். அப்போதும் வந்தது.

பிறகு எழிலின் பேச்சு மாறியது. "ஆமா" போய் அந்த ஊர் "ஓம்" வந்தது. பிள்ளைகள் விளையாட்டுக்கு அந்த ஊர்ப் பேச்சைப் பேசிப் பார்க்கிறார்கள் என்றுதான் மாடத்தி முதலில் நினைத்தாள். ஒருநாள் கை கழுவத் தண்ணீர் இல்லையென்றபோது, எழில் யாரையும் கேட்காமல் கட்டடத்தின் பின்னால் புதருக்குள் நடந்தாள். அங்கே மூடிப்போன ஒரு கிணறு இருந்தது. "இங்கன கிணறு இருக்குன்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்று கேட்டதற்கு, அவள் தாயைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

புறப்படும் நாள் உச்சிப்பொழுதில் வண்டி தயாராக நின்றது. எழிலைக் காணவில்லை. மாடத்தி நேரே தவமலர் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

எழில் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் பழுப்பேறிய வெள்ளைப் பள்ளிச் சீருடை. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தவமலர் அவள் தலையை இரட்டைப் பின்னலாக மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எழில்!"

அவள் திரும்பவில்லை.

"ஏட்டி, வண்டி நிக்கி. எந்திரிட்டி!"

காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தவமலர்தான் நிமிர்ந்தாள்.

"நீங்கள் ஆர்?"

அந்தக் கேள்வியில் கம்பெனிக்கு வரும் ஆபீசரின் நிதானம் இருந்தது. மாடத்தியின் வாய் தானாகத் திறந்தது. "செல்வலட்சுமி."

தவமலர் பொறுமையாகத் தலையசைத்தாள். "எழிலிட அம்மாவின்ர பேர் மாடத்தி எண்டு இவள் எனக்குச் சொன்னவள். நீங்கள் அவ இல்லை. பிறகேன் வந்தனீங்கள்?"

மாடத்தி ஓர் அடி உள்ளே வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். பெயர் வரவில்லை. விமான நிலையத்தில் சொல்லிப் பார்த்த பெயர், எங்கேயோ கழற்றி வைத்த வளையல்போல் எட்டாமல் கிடந்தது. ரிப்பனில் இரண்டாவது முடிச்சு விழுந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் பிள்ளை இல்லை என்று அவளுக்கு ஏனோ உறுதியாகத் தெரிந்தது.

"மாடத்தி" என்றாள். தரையில் உட்கார்ந்து, மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "நான் மாடத்தி. அச்சங்குளத்துச் சங்கிலிமுத்து மக மாடத்தி. இது நான் பெத்த பிள்ள எழில். செல்வலட்சுமி எங்க அக்கா. நான் அவ இல்ல. ஒருநாளும் அவ இல்ல."

எழில் மெதுவாகத் திரும்பினாள். "எம்மா, ஏன் கீழ உக்காந்திருக்க?"

தவமலர் இருவரையும் பார்த்தாள். பிறகு தான் கட்டிய ரிப்பன்களைத் தானே அவிழ்த்தாள். "போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வண்டியில் எழில் கொழும்பு நெருங்கும்போது சொன்னாள்: "நீ கூப்பிட்டது கேட்டுச்சும்மா. வேற யாரையோ கூப்பிடுறன்னு இருந்துட்டேன்." அவள் சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் மாடத்தி செய்த முதல் காரியம், அச்சில் பிழையாய்ப்போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மகளை எழுதிக்காட்டச் சொல்லித் தன் பெயரைப் பழகியது. கம்பெனியிலும் இனிச் சொந்தப் பெயர்தான் என்று கேள்விப்பட்டு அக்கா விருதுநகரிலிருந்து வந்து, "அத்தனை வருச சர்வீஸ் போயிருமே தாயி?" என்று கேட்டாள். "போகட்டுக்கா. நாளைக்கு எம் பிள்ளையக் கூப்பிட்டா, கூப்பிடுறது மாடத்தின்னு அவ திரும்பணும்" என்றாள் மாடத்தி.

கம்பெனியில் காலை ஆஜர் எடுத்த சூப்பர்வைசர் சீனிவாசகம், "செல்வலட்சுமி!" என்று கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடல் தாண்டிப் போய்க் காதைத் தொலைச்சிட்டு வந்தியா?"

"அந்தப் பேருல இங்க ஆளு இல்ல சார். அவ விருதுநகர்ல வத்தல் மண்டில இருக்கா. நான் மாடத்தி. புதுசா எழுதுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சீனிவாசகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குச் சேர்ந்த ஆளாத்தான் எழுத முடியும். யோசிச்சுக்க."

"எழுதுங்க சார்."

எழுதிவிட்டு, வழக்கம்போல் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். பாஸ்போர்ட் உட்பட அதுவரை எல்லாவற்றிலும் அவள் பெருவிரலைத்தான் வைத்திருக்கிறாள். மாடத்தி டப்பாவை ஒதுக்கிவிட்டு, அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். அன்று 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை.