பக்கத்து இருக்கையில் ஒரு பிறேக்

கார் ஓடப் பழக்குவது என்பது, முக்கால்வாசி நேரம், தன் பயம் மற்றவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவிக்கோ மகனுக்கோ ஒருதரமாவது பழக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உங்களிடம் இல்லாத ஒன்று, இதையே தொழிலாகச் செய்யும் என்னிடம் உண்டு. பக்கத்து இருக்கையில், என் வலது காலுக்குக் கீழே, இன்னொரு பிறேக்.

முன்வாங்கு

அந்தப் பிறேக் ஒரு வியாதி. பழகுபவர் சிவப்பு விளக்கைக் காணும் முன்பே என் கால் இறங்கிவிடும். வீட்டில் தொலைக்காட்சியில் ஒரு கார் வேகமாகப் போனாலும் கால் தரையை மிதிக்கும். என் மனைவி ரெஜினா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவளுக்கு நோய் வந்தபோது நான் செபித்தேன். நிறுத்தும் ஆண்டவரே என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எதுவும் நிற்கவில்லை. அடக்கப் பூசையின்போது நான் முன்வாங்கில், முதல் பெஞ்சில், இருந்தேன். பக்கத்தில் ரெஜினாவின் தங்கை. பூசை நடந்துகொண்டிருக்கையில் அவள் குனிந்து என் முழங்காலில் கைவைத்து, மெல்லச் சொன்னாள்: "அத்தான், காலை எடுங்கோ. அக்கா போயிட்டா."

தேசிக்காய்

அதன் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. காரின் கண்ணாடியில் ரெஜினா தொங்கவிட்டிருந்த செபமாலையைக் கழற்றி முன்பெட்டிக்குள் போட்டேன். கேட்டவர்களுக்கு, பார்வையை மறைக்கிறது, சட்டம் விடாது என்று சொன்னேன். ஆனால் கால் இன்னும் மோசமாகியது. தேவையில்லாத இடங்களிலும் மிதித்தேன். பழகியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள், இரண்டொருவர் வேறு ஆளிடம் போனார்கள். இந்த வேலையும் போனால், இந்தக் குளிர்நாட்டில், டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

அப்போது பழக வந்தவர் யோகன். மட்டக்களப்பார், என் கட்டடத்திலேயே இருப்பவர். லைசென்ஸுக்கான ரோட் ரெஸ்ற் நாளன்று, புதுக்காருக்கு எலுமிச்சை வைப்பதுபோல, காற்சட்டைப் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்துக் காரின் முன்சில்லுகளுக்குக் கீழே வைத்தார். பரீட்சை அதிகாரியான வெள்ளைக்காரப் பெண்மணி கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். ரயர் பரிசோதனை என்று நான் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தேன். தேசிக்காய் நசிந்தது, கார் போனது, யோகன் பாஸ். திரும்பி வந்து சாவியைத் தரும்போது காரின் கண்ணாடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அண்ணன், உங்கட கண்ணாடியில ஒண்டும் தொங்கல்லயே. நீங்க யார நம்பி ஓடுறீங்க?"

கோயிலடி

பிலோமினா மன்னார்ப் பெண். இதே நகரில், மல்வேர்னில் இருந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை சரிவந்திருந்தது, ஆனால் காலை வேலைக்கு அந்தப் பக்கம் நேரத்துக்கு பஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. ஏற்கெனவே ரெஸ்ற்றில் பெயிலாகிவிட்டு என்னிடம் வந்தவர். நிதானமாகத்தான் ஓடினார். ஏன் பெயிலானார் என்று எனக்கு விளங்கவில்லை, மாதா கோயில் வரும்வரை.

கோயில் ரெஸ்ற் எடுக்கும் பாதையில், ஒரு வளைவில் இருக்கிறது. அதைக் கண்டதும் பிலோமினாவின் வலது கை ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு நெற்றிக்குப் போனது, பிறகு நெஞ்சுக்கு, பிறகு தோள்களுக்கு. கார் தன்பாட்டில் பக்கத்து லேனுக்குப் போனது. நான் பிறேக்கை மிதித்தேன், பின்னால் ஒருவன் ஹோண் அடித்தான்.

"பிள்ளை, கோயிலைக் காணாத மாதிரிப் போகேலாதோ?" என்றேன்.

"ஊரில பஸ்ஸில போனாலும் சிலுவை போடுறனான். போடாட்டில் கால் நடுங்குது அண்ணை. சுவாமியாரும் சொன்னவர், ரோட்டைப் பார், ஆண்டவர் கோவிக்க மாட்டார் எண்டு. எனக்கு விளங்குது. கைக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

ஒப்பந்தம்

வளைவில் இடறிக்கொண்டே சில நாட்கள் போயின. ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னேன், நீங்கள் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடியுங்கோ, உங்களுக்கும் சேர்த்து நான் போடுறன் என்று. பழக்குபவன் சொல்கிற ஒரு உபாயம், அவ்வளவுதான்.

கோயில் வந்தது. கையைத் தூக்கினேன். அடக்கத்துக்குப் பிறகு சிலுவை போடாத கை. நெற்றியைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது, இடது தோளில் நின்றுவிட்டது. கார் ஆடாமல் வளைவில் திரும்பியது. நான் காலைப் பார்த்தேன், மிதிக்கவில்லை. சந்தி தாண்டி, சிவப்பு விளக்கில் நிறுத்திய பிறகு பிலோமினா சொன்னார்: "அண்ணை, நீங்கள் போட்டது முக்கால்வாசி. மற்றத் தோளுக்குக் கை வரேல்லை."

கார் நிறுத்துமிடம்

ரெஸ்ற் எடுக்கும்போது பழக்குபவன் காருக்குள் இருக்க முடியாது. அது தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒப்பந்தத்தோடு சேர்த்து நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அதிகாரி வந்து பக்கத்து இருக்கையில் ஏறியபோதுதான் பிலோமினாவின் முகம் வெளிறியது. கண்ணாடியை இறக்கி, "அண்ணை, நீங்கள் இஞ்சை நிண்டு போடுவியள்தானே?" என்றார். ஓம் என்றேன்.

கார் போய்விட்டது. குளிருக்குள் நின்றேன். கோயிலடிக்கு எப்போது போய்ச் சேருவார் என்று தெரியாது. முன்னுக்கோ பின்னுக்கோ பிழைத்துவிடக் கூடாதென்று திரும்பத் திரும்பச் சிலுவை போட்டேன், ஒவ்வொரு முறையும் வலது தோள்வரை. காலுக்குக் கீழே வெறும் பனி. மிதிக்க ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் வாய் திறந்தது. நிறுத்தும் என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளையோடு இரும் என்று கேட்டேன். பிறகு, கேட்க நினைக்காமலே, என்னோடும் இரும் என்றேன். வானத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தது குளிரால் மட்டும்தான் என்பது தெரிந்தது.

சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொரு பழக்குநர், பஞ்சாபிக்காரர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் திரும்பி வந்து, பிலோமினா அழுதபடி சிரித்துக்கொண்டு இறங்கியதும், அவர் கிட்ட வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "என்னுடைய ஆள் அடுத்ததாகப் போகிறான். அவனுக்கும் ஒருதரம் செய்துவிடுகிறாயா?"

ஞாயிறு

செபமாலையை முன்பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வளைவிலிருந்த அந்த மாதா கோயிலுக்குத் தனியே போனேன். கடைசி வாங்கு. பக்கத்து இடம் வெறுமையாகத்தான் இருந்தது, பூசை முடியும்வரையும் வெறுமையாகவே இருந்தது. கால் தரையில் சும்மா கிடந்தது. வெளியே வரும்போது படியில் பிலோமினா நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பதிலாத்தானே சிலுவை போட்டனீங்கள் அண்ணை, பூசைக்கும் என்ர பேரிலதான் வந்தனீங்களோ?"

இல்லை, என் பேரில்தான் என்றேன். ஆண்டவரும் என்னைப்போலப் பக்கத்து இருக்கைக்காரர்தான், பிறேக் அவரிடமும் உண்டு, ஆனால் நாங்கள் கத்துகிற இடத்திலெல்லாம் அவர் அதை மிதிப்பதில்லை என்பதை, தொழில் தெரிந்த நான் இவ்வளவு பிந்தியா விளங்கிக்கொள்ள வேண்டும்?