தலைகீழாய்ப் போட்ட சீல்

போடியில் எங்கள் தெருவில் ஒரு ஜீப்பு டிரைவர் இருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களை ஏலக்காய் பறிக்க மலைக்கு ஏற்றிப் போவது அவர் சோலி. தலைக்குச் சாயம், சலவைச் சட்டை. அடுத்தவர் வேலையைக் குறை சொல்லாமல் அவருக்குக் காப்பி இறங்காது.

ஜீப்பு பழையது. பின் சக்கரத்தில் எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆக்சில் சீல் தேய்ந்து, எண்ணெய் பிரேக்கு வரை கசிந்தது. ஊரில் எந்த மெக்கானிக்குக்கும் தொழில் தெரியாது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றினார். டார்ச்சு பிடிக்கும் பாக்கியம் எனக்கு. புதுச் சீலைத் தட்டி இறக்கும்போது, "மாமா, வாய்ப்பக்கம் உள்ளேதானே வரணும்?" என்று கேட்டேன்.

"நீ வெளிச்சத்தை மட்டும் காட்டு மாப்ளே."

சாயங்காலம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பு கசிந்த எண்ணெய் இப்போது தாராளமாக ஒழுகியது. "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை பெண்கள் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். ஏதாவது கதை சொல்லி ஏற்றிவிடுவார் என்று பயந்தேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சீலைத் தலைகீழாப் போட்டுட்டேன் ஆத்தா. மலையில பிரேக்கு பிடிக்காது. வெரசாப் போய் பஸ்சைப் பிடிங்க."

"பெரிய மெக்கானிக்குதான் போங்கண்ணே" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தபடி நடந்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நேத்துக் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல மாப்ளே?"

அவரை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மலைக்குப் போவதென்றால் அவர் ஜீப்பில்தான் ஏறுகிறேன்.