கீழ்வீட்டுச் சுவரில் இறங்கிய கம்பி

இயற்பியல் டீச்சருக்கும் கீழ்வீட்டுக் கொழுந்தனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். அவள் புருஷன் செத்த ஈரம் காய்வதற்குள் "அண்ணனுக்கு மாடி மட்டும்தான்" என்று அவன் வாய் திறந்தான். அன்றே அவள் படிக்கட்டுக்குத் தனிக் கதவு போட்டுக்கொண்டாள்.

போன மழையில் அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டியை இடி பிளந்தபோது, மாடியில் இடிதாங்கி வைப்பதென்று முடிவெடுத்தாள். ஆனால் கம்பி மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். மண்ணோ கொழுந்தனுடையது.

ஆள் விட்டுக் கேட்டாள். அவன் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று கத்தினான்.

"உங்க தலைல விழுற இடிய என் சுவர் வழியா இறக்குவீங்களா அண்ணி? நான் என்ன இளிச்சவாயனா?"

ஞாயிற்றுக்கிழமை, கையால் சுற்றினால் மின்சாரம் பிறக்கும் பள்ளி ஆய்வக இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அழையாத வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் சாப்பாட்டு மேசையில் ஈரமணல் தட்டை வைத்து, அதன்மேல் ஓர் அட்டை வீட்டை நிறுத்தினாள். உச்சியில் ஆணி. அதிலிருந்து மாடித் தரையோடு நின்றுவிட்ட செம்புக்கம்பி. கீழ்வீட்டுக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. மேகத்துக்குப் பதில் ஒரு தகரத் தட்டைத் தொங்கவிட்டாள். இயந்திரத்தின் ஒரு முனையைத் தகரத்திலும் மறுமுனையை மணலிலும் இணைத்தாள்.

"இது நீ சொல்ற வீடு."

சுற்றினாள். தகரத்திலிருந்து ஆணிக்குப் பாய்ந்த பொறி, கம்பி முடிந்த இடத்திலிருந்து கீழே தாவியது. பஞ்சு குப்பென்று பற்றியது. கொழுந்தனின் மனைவி ஓடிவந்து ஈரத்துணியால் அமுக்கினாள். கீழ்வீட்டு அட்டைச் சுவர் கருகிப்போயிருந்தது.

டீச்சர் வேறு பஞ்சு வைத்து, கம்பியை நீட்டி மணலில் புதைத்தாள். மறுபடி சுற்றினாள். பொறி பறந்தது, பஞ்சு வைத்தபடி இருந்தது.

"இது நான் கேக்குற வீடு."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா. நாளைக்கே மேல கம்பி ஏறும். அது எங்க முடியணும்னு நீயே சொல்லு."

கம்பியைப் பாதியில் விட்டால் தன் தலைக்கும் ஆபத்துதான். அதைச் சொன்னால் பிடித்துக்கொள்வான். விழுங்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணனையும் இப்படி மிரட்டியேதான் கொன்னீங்க."

அவள் கைப்பிடியை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அவர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ எட்டியாவது பாத்தியாடா?"

அவன் மனைவி குறுக்கே வந்து சொன்னாள், "அக்கா, குழாய்ப் பக்கம் தோண்டச் சொல்லுங்க. சமையக்கட்டுப் பக்கம் வேணாம்."

"உன்னை யாருடி கேட்டா?"

"எரிஞ்சது நம்ம வீடு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

மறுநாள் ஆட்கள் வந்து குழாய்ப் பக்கம் குழி தோண்டினார்கள். சுவரில் ஆணி இறங்க இறங்க அவன் வசவும் ஏறியது. இடிதாங்கி நின்றது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. கம்பி புதைத்த குழி காய்ந்தால் இடி மண்ணில் இறங்காதென்று, கோடையில் ஓரகத்தி அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள். "யார் வீட்டுத் தண்ணி அது?" என்று கொழுந்தன் உள்ளேயிருந்து கத்துவது மாடிவரை கேட்கும். டீச்சர் ஜன்னலை அறைந்து சாத்துவாள்.