எண்ணும்போது நின்ற மூச்சு

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை 6.10. மேல்காற்று புழுதியோடு அடித்தது. மேகம் இருந்தது, மழை இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் நான் சீகோங் பயிற்சியாளராக இருந்த மையத்தின் மொட்டைமாடியில் பதினோரு பேர் நின்றார்கள். பத்துப் பேரின் தோள்கள் இறங்கியிருந்தன. ஒருவருடைய தோள் மட்டும் காதை நோக்கி ஏறியே நின்றது.

அவர் பஞ்சவர்ணம். சோழவந்தானில் வெற்றிலை எண்ணி அடுக்குகிறவர், வயது 46. வலது கை காதுக்கு மேல் எழவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பில் குறையில்லை, பயிற்சி செய்யலாம் என்று அனுப்பியிருந்தார். இன்னும் ஒரு மாதம் கை இப்படியே இருந்தால் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

சீகோங் என்பது மூச்சும் மெதுவான அசைவும். உடம்பில் ஓடும் சக்தியை ‘சீ’ என்கிறோம். எந்த இடத்தை இறுக்கிப் பிடிக்கிறோமோ அங்கே அது தேங்கும். அதைத்தான் பிளாக் என்பது. அழுத்தி உடைக்கிற காரியம் அல்ல. பிடித்தவரே விட வேண்டும்.

அன்று அவருக்கு ஒன்பதாவது வகுப்பு. வழக்கம்போல் நான் சத்தமாக எண்ணினேன். உள்ளே நான்கு, வெளியே ஆறு. பதினோரு வருடமாக அப்படித்தான் எண்ணினேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

“மூச்ச விடுங்கம்மா.”

“விடத்தான் சார் பாக்குறேன். நீங்க எண்ண ஆரம்பிச்சதும் நின்னுபோகுது.”

எனக்கு எரிச்சல் வந்தது. மையத்தின் நோட்டீஸ் கட்டை அவர் கையில் கொடுத்து, “வெத்தலைய எப்படி எண்ணுவீங்களோ அப்படி எண்ணுங்க” என்றேன்.

உதட்டை மூடினார். தோள் ஏறியது. ஐம்பதில் ஒரு மூச்சு, நூறில் ஒரு மூச்சு. நூறு வெற்றிலைக்கு இரண்டே மூச்சு.

“நடுவுல மூச்சு விட்டா கணக்குத் தப்பிரும் சார். ஒரு எலை கொறஞ்சாலும் தரகரு கட்டையே பிரிச்சுப் போட்டுருவாரு.”

“எம்புட்டு வருசமா?”

“இருபத்திரண்டு.”

எட்டு வகுப்புகளாகச் சத்தமாக எண்ணி எண்ணி, அவரை நான் வெற்றிலை வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் விட வந்ததை என் எண்ணிக்கை மறுபடி பிடிக்க வைத்தது. அன்றோடு எண்ணுவதை நிறுத்தினேன். எனக்கு அது சுலபம் இல்லை, நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். நோட்டீஸை ஐந்தைந்தாக, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எண்ணப் பழக்கினேன். பன்னிரண்டாவது வகுப்பில் கை உச்சந்தலைக்குப் போனது.

“இன்னைக்குக் கொண்டைய நானே போட்டேன் சார். திங்கக்கெழம வேலைக்குப் போறேன்” என்றார்.

மைய உரிமையாளர் செந்தில் என்னை உள்ளே கூப்பிட்டார். வயது 34.

“அண்ணே, அந்தம்மா நாப்பது வகுப்புக்குக் கட்டியிருக்கு. இடுப்புல ஒரு பிளாக் இருக்குன்னு சொல்லி இங்கயே நிறுத்தி வைங்க.”

“இடுப்புல ஒண்ணுமில்ல தம்பி.”

“இல்லன்னு யாருண்ணே கண்டா?”

“நான் கண்டேன்.”

“பன்னெண்டுல எல்லாம் சரியாச்சுன்னா நாப்பதுக்கு எவன் வருவான்? ஒங்களுக்குப் பொழைக்கத் தெரியல.”

“இல்லாத நோவச் சொல்லிப் பொழைக்க எனக்குத் தெரியாதுதான்.”

பஞ்சவர்ணத்தின் அட்டையை எடுத்து, ‘பயிற்சி முடிந்தது. மீதி 28 வகுப்புப் பணம் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார் செந்தில். இல்லைதான். போட்டேன். அந்தம்மா அட்டையோடு மேசை முன்னால் நின்றார், பணம் வாங்கும் வரை நகரவில்லை. மறுநாளிலிருந்து நான் வர வேண்டாம் என்று செந்தில் சொல்லிவிட்டார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளாக்கைத் தேடுமுன், வந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். அதை நீங்களே இறுக்குகிறீர்களா என்றும் பாருங்கள். பிளாக் போய்விட்டால், போய்விட்டது என்று சொல்லி அனுப்புங்கள். நான் சொன்னதற்கு, திருப்பிக் கொடுத்த தொகையை என் கடைசிச் சம்பளத்தில் பிடித்தார்கள்: 4,200 ரூபாய்.