அறிவிக்கப்படாத காற்று

ரயில் நிலைய அறிவிப்பாளருக்கு வாய்தான் பிழைப்பு. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று ஊருக்கே சொன்னவர். வீட்டிலும் குளிக்கப் போவதைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவார். ஆனால் உடம்பு விஷயம் என்றால் வாய்க்குப் பூட்டு. மலத்தில் ரத்தம் போனதை மாதக்கணக்கில் மூடி மறைத்தார். மனைவி கண்டுபிடித்து, தரதரவென்று இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பெருங்குடலில் புற்றுநோய். நல்ல வேளையாக, வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தும்விட்டார்கள்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. குடலை வெட்டித் தைத்தவர்கள் சூயிங் கம் மென்றால், சாப்பாடு வருகிறதென்று ஏமாந்து குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளுமா என்று பார்க்கிறார்களாம். விழித்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. அதற்குப் பிறகுதான் சோறு, வீடு எல்லாம். அறிவிப்பாளரும் சம்மதித்து, மாடு அசைபோடுவதுபோல் மென்றுகொண்டு படுத்திருந்தார்.

காலையில் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். மகள் வயதுதான். அந்த நேரம் பார்த்தா சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நலம் விசாரிக்க வந்து நிற்க வேண்டும்?

"ஐயா, காத்துப் பிரிஞ்சுதா?"

விடியும்போதே பிரிந்திருந்தது. தாராளமாகவே. அறிவிப்பாளர் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

சாயங்காலமும் அதே கேள்வி. சம்பந்திகள் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் காலையில் சொன்ன பொய்க்கு மரியாதை வேண்டாமா? மறுபடியும் "இல்ல" என்றார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வயிறு மெத்துன்னுதான் இருக்கு. ஆனா நீங்க சொல்றத நம்பித்தானே நாங்க முடிவெடுக்கணும்? மூக்கு வழியா ட்யூப் போட்டு வயித்த காலி பண்ணணும். ஸ்கேனும் எடுக்கணும். அதுல குடல் தையல் விட்டிருக்குன்னு தெரிஞ்சா, மறுபடி வயித்தத் திறக்கணும்."

"மறுபடியுமா?" மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் ஜன்னலோரம் கிடந்தது. அவர் சாப்பிடும்வரை தனக்கும் இறங்காது என்று சொல்லியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. முதல் தடவை மறைத்ததும் இவளிடம்தானே!

நர்ஸ் ட்யூபை எடுத்துக்கொண்டு வந்தாள். அறிவிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இன்று காலை வர வேண்டிய காற்று, குறித்த நேரத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது. அறிவிப்பில் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்!"

வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மனைவிதான் சிரிக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். "வேற ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களா?"

அறிவிப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் காதுக்கு மட்டும் எட்டும்படி சொன்னார்.

"பயமா இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே."

அவள் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.